பிடரியில் ஒரு விரல்

எங்கள் டவுன்ஷிப்பில் யார் கிட்டார் வாங்கப் போனாலும் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் விவரமான பெரியம்மா ஒருத்தியைக் கூட்டிப் போவதில்லையா, அந்த மாதிரி. கோயில் பாடகர் குழுவோ, மகன் நல்ல மார்க் வாங்கிய பூரிப்பில் இருக்கும் தகப்பனோ, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் அப்பாவின் வண்டியை மறித்துக்கொண்டு நிற்பார். அப்பா பார்த்துவிட்டுத் தலையாட்டினால் அது நல்ல கிட்டார். உதட்டைப் பிதுக்கினால், கடைக்காரர் தலைகீழாக நின்றாலும் வாங்க மாட்டார்கள். இத்தனைக்கும் அப்பா சங்கீதம் படித்தவரெல்லாம் இல்லை. சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டுகிறவர். வீட்டைவிடப் பெரிய சக்கரம் ஒன்று, சுற்றிலும் வாளிகளைக் கட்டிக்கொண்டு, சுழன்று சுழன்று மண்ணை வாரும் இயந்திரம் அது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதன் இரைச்சலுக்குள்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் கிட்டார் பார்க்கிற அழகே தனி. எடுத்த எடுப்பில் வாசிக்கவே மாட்டார். துப்பாக்கியால் குறி பார்ப்பதுபோல் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப் பக்கத்திலிருந்து கழுத்து நெடுகப் பார்ப்பார். கழுத்து வளைந்திருந்தால் அங்கேயே கதை முடிந்தது. அப்புறம் கம்பிகளைக் கட்டியிருக்கும் அடிக்கட்டைக்குப் பின்னால் பலகை உப்பியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவுவார். செல்போன் வெளிச்சத்தை வட்டத் துளைக்குள் அடித்து, உள்ளே ஒட்டியிருக்கும் சட்டங்கள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று எட்டிப் பார்ப்பார். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் பட்டைகளின் ஓரத்தில் விரலை இழுத்துப் பார்ப்பார். கீறினால் மட்டமான வேலை. கடைசியில்தான் வாசிப்பு. அதுவும் பாட்டு இல்லை. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தித் தட்டிக்கொண்டே வருவார். நல்ல கிட்டார் எல்லா இடத்திலும் கணீரென்று பேசும். எங்காவது பட்டை தேய்ந்தோ தூக்கியோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கம்பி ‘ஜிர்ர்’ என்று இரையும், தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி.

நான் மூன்றாவது படித்த வருஷம் அப்பா ஒரு மாதிரி ஆகிப்போனார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். சாதாரணப் பேச்சையே சண்டைக்கு நிற்பவர்போல் கத்திப் பேசுவார். டிவி சத்தம் அடுத்த குவார்ட்டர்ஸ் வரைக்கும் போகும். அம்மா குறைத்தால் முறைப்பார். முதுகுப் பக்கம் நின்றுகொண்டு ‘அப்பா, பென்சில் வாங்கணும்’ என்று எத்தனை முறை சொன்னாலும் சுவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன், அதனால்தான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார் என்று நானே முடிவுகட்டி, அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தேன். காது கேட்பதும் கேட்காததும் அவரவர் இஷ்டம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். டிவியில் கார்ட்டூன் ஓடும்போது அம்மா கூப்பிட்டால் எனக்குக்கூடத்தான் கேட்காது.

அந்தச் சமயத்தில்தான் இன்ஜினியர் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் ஷிப்ட்டுக்கு அவர்தான் பொறுப்பு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். தொழிலாளி வீட்டுக்கு அதிகாரி வந்தால் வீடு என்ன பாடுபடும்! அம்மா நாற்காலியை முந்தானையால் துடைத்தாள், துடைத்த நாற்காலியையே மறுபடியும் துடைத்தாள்.

“பையன் காலேஜ் சேர்ந்துட்டானுங்க. கிட்டார் வேணும்னு ஒரே பிடிவாதம். நமக்கு அதுல ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்க கூட வந்து பாத்துச் சொன்னாத்தான் வாங்கறது” என்றார்.

அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அதுக்கென்னாங்க சார், போலாம்” என்று சிரித்தார். கார் தெருமுனை தாண்டியதும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பேயறைந்த மாதிரி நின்றார். அம்மா அவருக்கு நேர் எதிரே போய் நின்று, “ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்களேன்” என்றாள். “எத்தினி நாளைக்குச் சொல்றது?” என்றார் அப்பா. கிட்டார் வாங்கப் போவதற்கு இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயம் என்பது தொற்றிக்கொள்கிற சமாச்சாரம் அல்லவா, என்னவென்று தெரியாமலே நானும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். அடிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் தரையில் உட்கார்ந்து தன் பழைய கிட்டாரை மடியில் வைத்திருந்தார். என்னை முதுகுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நிற்க வைத்து, என் ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டார்.

“நானு கண்ணால பாத்துகினு இருப்பேன். நீ காதால பாத்துக்க. எங்கனா ஜிர்ருனு இரைஞ்சா இங்க ஒரு அழுத்து அழுத்து. யாரனா என்னக் கூப்ட்டா சட்டையப் புடிச்சி இழு. அவ்ளோதான். புரிஞ்சிதா?”

புரிந்தது. வேண்டுமென்றே விரலைத் தளர்த்திக் கம்பியைத் தட்டுவார், இரையும், அழுத்துவேன். “பலே” என்பார். அப்பா என்னோடு பேசி விளையாடி எவ்வளவு நாளாயிற்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்திருக்கும்போது என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இத யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது. வெளிய தெரிஞ்சா நாம இந்த வூட்டையே காலி பண்ணிகினு போவணும்.”

சந்தோஷமெல்லாம் அத்தோடு போயிற்று. வீட்டைக் காலி பண்ணுவது என்றால் என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் ஊரில் வேலை இருக்கிறவரைதான் வீடு. கண் மங்கிப்போன எதிர் வீட்டு மாமாவை ‘மெடிக்கல்ல எடுத்துட்டாங்க’ என்று பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். மெடிக்கல் என்பது ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற ஏதோ ஒன்று என்று நான் நினைத்தேன். ஆனால் மாமா வீட்டில்தான் இருந்தார். வந்தது லாரி. கட்டில், பீரோ, துளசித் தொட்டி, மிதிவண்டி எல்லாவற்றையும் ஏற்றி, அவற்றுக்கு நடுவே என் கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. மறுநாள் அந்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

ஆக, நானும் அப்பாவும் செய்யப் போவது திருட்டு வேலை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பரீட்சையில் பக்கத்துப் பையன் காதில் விடையைச் சொன்னால் அடி விழும். பிடரியில் சொன்னால் மட்டும் விட்டுவிடுவார்களா? மாட்டினால் லாரிதான்.

சனிக்கிழமை இன்ஜினியர் சாரின் காரில் பாண்டிச்சேரி போனோம். அவர் பையனுக்குக் காலேஜ் இருந்ததால் வரவில்லை. அப்பா முன்சீட்டில், நான் பின்சீட்டில். சார் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் பின்னாலிருந்து அப்பாவின் சட்டையை இழுத்தேன். அப்பா திரும்பி அவர் முகத்தைப் பார்த்து “ஆமாங்க சார்” என்றார். சாப்பிட்டீங்களா என்றதற்கு ஆமாங்க சார். நேத்து மழை பெய்ஞ்சுதுங்களே என்றதற்கு ஆமாங்க சார். கடலூர் வழியாப் போலாங்களா, பண்ருட்டி வழியாப் போலாங்களா என்றதற்கும் ஆமாங்க சார். சார் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பண்ருட்டிப் பக்கம் திருப்பினார். எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

கடையில் புதுக் கிட்டார்கள் சுவர் முழுக்கத் தொங்கின. கறுப்பு, சிவப்பு, நீலம், எல்லாம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. கூரை மூலையில் ஒரு கேமரா இருந்தது. அதன் கீழே ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். செல்லங்கொஞ்சும் பிள்ளைபோல அவர் முதுகில் சாய்ந்துகொண்டு பிடரியில் விரலை வைத்தேன்.

முதல் கிட்டாரில் நாலைந்து ஃப்ரெட் தாண்டியதுமே ஜிர்ர். அழுத்தினேன். “இங்க இரையுதுங்க” என்று அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்தது இரையவில்லை. ஆனால் அப்பா துளையின் ஓரத்தைச் சாருக்குக் காட்டினார். “பாருங்க சார், அடுக்கடுக்கா தெரியுது. ப்ளைவுட்டு. மேல பூச்சு மட்டும் ஜோரு.” இன்னொன்றில் ஃப்ரெட் ஓரம் விரலைக் கீறியது. வேறொன்றில் மறுபடியும் ஜிர்ர். நான் அழுத்தும்போதெல்லாம் கேமராவைப் பார்த்தேன். கேமரா என்னைப் பார்த்தது.

“இந்த வெலைக்குப் பழசுல நல்ல மரமே கெடைக்கும் சார்” என்று அப்பா எழுந்தார். சாருக்கு அப்பாவின் மேல் மதிப்புக் கூடிப்போயிற்று. “பயங்கரமான காதுங்க உங்களுக்கு” என்றார். நான் சட்டையை இழுத்தேன். அப்பா திரும்பி, “ஆமாங்க சார்” என்றார்.

பழையது எங்கள் டவுன்ஷிப்பிலேயே இருந்தது. ரிட்டையர் ஆகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது ஊருக்குக் கொண்டுபோக முடியாததையெல்லாம் விற்றுவிட்டுப் போவார்கள். யார் காலி செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், பூந்தொட்டி முதல் ஃப்ரிட்ஜ் வரை பேரம் பேச ஆட்கள் வந்துவிடுவார்கள். திருநெல்வேலிக்குத் திரும்பிப் போகிற ஒரு குடும்பத்தில் மகன் விட்டுப்போன கிட்டார் இருப்பதாகச் சாரே விசாரித்து வைத்திருந்தார். அடுத்த நாள் அங்கே போனோம். போன இடத்தில், வாசலில், லாரி நின்றது.

நான் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆட்கள் கட்டிலைப் பிரித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தன. இவர்கள் என்ன திருட்டுச் செய்து மாட்டினார்களோ என்று அந்த வீட்டு அத்தையைப் பார்த்தேன். அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். “என்னட்டி இப்பிடி முழிக்க? தண்ணி குடிக்கியா?” என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

கிட்டாரைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. பளபளப்பு ஒன்றும் இல்லாத, வெளிறிய பலகை. பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் வழவழப்பாகியிருந்தது. கழுத்தைப் பார்த்தார், நூல் பிடித்த மாதிரி நேர். பலகை உப்பவில்லை. உள்ளே சட்டங்கள் எல்லாம் உறுதி. துளையோரத்தில் அடுக்கு இல்லை, ஒரே மரம். “பெங்களூர் போனவன் அங்கனயே புதுசு வாங்கிட்டான். பிள்ளய மாதிரில்லா வச்சிருந்தான் இத” என்றார் அத்தை. அப்பா தரையில் உட்கார்ந்து கம்பிகளைத் தட்ட ஆரம்பித்தார். நான் விரலை வைத்தேன். கணீர், கணீர் என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்திலும் இரைச்சல் இல்லை. இன்னும் கொஞ்சம்தான், முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று இயேசப்பாவை நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது ஃப்ரெட்டில் கம்பி கணீரென்றது. சரியாக அதே நேரம் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த சார், “என்னங்க, முடிச்சுரலாங்களா?” என்றார். அதே நேரம் வாசலில் லாரியின் இன்ஜின் டர்ரென்று உறுமியது. சட்டையை இழுக்க வேண்டியவள், பிடரியில் ஓங்கி அழுத்திவிட்டேன்.

“ஒம்பதாவது ஃப்ரெட்ல லேசா இரையுதுங்க சார்” என்றார் அப்பா, கிட்டாரைப் பார்த்தபடியே. “பெரிசா ஒண்ணுமில்ல.”

“இரையுதா? எம் பிள்ள வாசிக்கையில ஒருநாளும் இரையலையே அண்ணாச்சி” என்றார் அத்தை. அப்பா நிமிரவில்லை. அடுத்த ஃப்ரெட்டுக்குப் போய்விட்டார். சார் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் சத்தமாக மறுபடியும் கூப்பிட்டார். இழு, இழு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. விரல் பிடரியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. சார் என்னைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம், எல்லாம் முடிந்தது, நம்மையும் இந்த லாரியிலேயே ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சார் மெதுவாகச் சுற்றி வந்தார். இஸ்திரி கலையாத பேண்ட்டோடு அப்பாவுக்கு எதிரே அந்தப் புழுதித் தரையில் குந்தி உட்கார்ந்தார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். சார் வாயை நன்றாகத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் நிதானமாக, “வாங்கிரலாங்களா?” என்றார்.

“தாராளமா வாங்கலாம் சார். நல்ல மரம். அந்த ஒரு எடந்தான் இரையுது.”

“ஆமாங்க” என்றார் சார். “எனக்கும் கேட்டுச்சுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரையாத கம்பி அவருக்கு எப்படிக் கேட்டது? அதை யோசிக்கவும் விடாமல் பயம் அழுத்தியது. கிட்டாரை வாங்கிக்கொண்டு காரில் திரும்பினோம்.

அதற்கப்புறம் நான் லாரிக்காகக் காத்திருந்தேன். தெருவில் எந்த வண்டி உறுமினாலும் ஜன்னலுக்கு ஓடினேன். லாரியில் போகும்போது தொலைந்துவிடக் கூடாதென்று என் கலர் பென்சில்களையும், ஞாயிறு பள்ளியில் பரிசாகக் கொடுத்த டம்ளரையும் புத்தகப் பையின் அடியில் போட்டு வைத்தேன். சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கோயிலில் எனக்காக ஜெபிக்கச் சொன்னாள். நான் மூச்சு விடவில்லை. மூச்சு விட்டால்தானே லாரி வரும்?

ஒருநாள் அப்பா நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தார். “பக்கெட் வீல்லேர்ந்து எறக்கிட்டாங்க. நாளையிலேர்ந்து ஸ்டோர்ல வேல. ஜெனரல் ஷிப்ட்டு” என்றார். அம்மா அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, “வூடு?” என்று கேட்டாள். “வூடு இருக்கு” என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். “மெடிக்கலுக்கு எழுதாம வுட்டாரே அந்தப் புண்ணியவான், அது போதும்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

எனக்கு ஒரே ஆனந்தம். நல்ல கிட்டாராகப் பார்த்து வாங்கிக் கொடுத்ததற்குச் சார் கொடுத்த பரிசு இது. இனி அப்பாவுக்கு நைட் ஷிப்ட் கிடையாது, புழுதி கிடையாது, தினமும் சாயங்காலம் வீட்டில் இருப்பார். சந்தோஷம் தாங்காமல்தான் அம்மா அழுகிறாள். அப்பா மட்டும் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுகிறவரைக்கும் பூட்ஸைக் கழற்றவே இல்லை. நான் பென்சில்களைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இன்ஜினியர் சார் குடும்பத்தோடு வந்தார். அவர் மகன், அந்த அண்ணன், கிட்டாரைக் கொண்டுவந்திருந்தான். நன்றாகவே வாசித்தான். அப்பா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து அப்பாவுக்கு எதிரே வந்து நின்று சொன்னார். பெரிய படிப்புப் படித்தவர்கள் மரியாதையாக இப்படித்தான் பேசுவார்கள்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வாசித்து முடித்ததும் அப்பா உரக்கச் சொன்னார்: “அந்த ஒம்பதாவது ஃப்ரெட்ட மட்டும் கொஞ்சம் பாத்து அழுத்து தம்பி. லேசா இரையும்.”

அண்ணன் ஒன்பதாவது ஃப்ரெட்டில் விரலை வைத்துத் தட்டினான். கோயில் மணி மாதிரிக் கணீரென்றது. அவன் குழம்பிப்போய்ச் சாரைப் பார்த்தான். சாரும் அவனையே பார்த்தார். அண்ணன் திரும்பி, அப்பாவுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, தலையைப் பலமாக ஆட்டினான். “ஆமா அங்கிள். லேசா இரையுது.”

அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்று ஒருநாள் என்றால் பயத்தில் விரல் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இன்று யாருமே அழுத்தவில்லையே! இவ்வளவு தெளிவாகக் கேட்கிற சத்தம் இவர்கள் இருவருக்கும் இரைச்சலாகக் கேட்கிறதென்றால் அது வியாதியாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் புண்ணியவானுக்கும் அவர் மகனுக்கும் இப்படியா என்று பாவமாக இருந்தது.

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அப்பாவின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “இயேசப்பா, இன்ஜினியர் சாருக்கும் அந்த அண்ணனுக்கும் காது சரியாக் கேக்க மாட்டேங்குது. சீக்கிரம் சொகமாக்குங்க” என்று சத்தமாக வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஜெபம் முடிந்ததைச் சொல்ல அப்பாவின் பிடரியில் ஒரு விரலால் அழுத்தினேன். அப்பா கண்ணைத் திறக்காமலே, தெருவுக்கே கேட்கும்படி, “ஆமென்” என்றார்.